இரண்டடித் தண்ணீர்

ஆகஸ்ட் 11, திங்கள்

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் விசாலம் மேடம் சொன்னதால் இதை ஆரம்பிக்கிறேன். "எந்த ஆபீஸுக்குப் போனீங்க, யாரப் பாத்தீங்க, என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சுக்குங்க. நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லைம்பாங்க" என்றார். நான் எட்டாவதுதான் படித்தேன் என்றேன். இதுக்கு யாரும் மார்க் போடப் போறதில்லை என்றார்.

முதலில் நடந்ததை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பேர் சின்னராசு. பனியன் கம்பெனிக்கு ஆம்னி வேன் ஓட்டினார். காலையில் பெண்களை ஏற்றிப் போய், பொழுதோடு கொண்டுவந்து வீடு வீடாக இறக்கிவிடுவார். மே 17, சனிக்கிழமை, நல்ல கோடை மழை. ரயில் பாதைக்கு அடியில் பிப்ரவரியில் திறந்த நுழைவுப் பாலத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. வேன் உள்ளே இறங்கி நடுவில் அணைந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. அவரும், கடைசியாக இறங்க வேண்டிய வெண்ணிலாவும் போய்விட்டார்கள். வெண்ணிலா எங்கள் வீதிதான், நாலு வீடு தள்ளி. துளசிமணி அக்காவின் ஒரே பெண். இருபத்திரண்டு வயது.

விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. பார்த்து அப்படியே எழுதுகிறேன். "சுவரில் எழுதப்பட்டுள்ள எச்சரிக்கை அளவை மீறி, சுமார் நான்கு அடி தேங்கியிருந்த நீரில் ஓட்டுநர் கவனக்குறைவாக வாகனத்தை இயக்கியதே விபத்துக்குக் காரணம்."

இந்த வரியை எடுக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் தெரிந்தே அந்தப் பிள்ளையைத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டார் என்று இந்த வரி சொல்கிறது. வீதியும் அதைத்தான் சொல்கிறது. குடித்திருந்தார் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அவர் குடிக்க மாட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பனியன் கம்பெனியிலிருந்து நூல் பிசிறு வெட்ட மூன்று மூட்டை வந்தது. ஜாக்கெட் இரண்டு தைத்தேன். குழாயடியில் துளசிமணி அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பாதிக் குடத்தோடு போய்விட்டார். மே மாதத்திலிருந்து இப்படித்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

போலீஸ் எழுதிய தாள்களின் நகலை விசாலம் மேடம் வாங்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் போனில் கடைசியாகப் பேசியது 6.40க்கு, என்னிடம். என்ன பேசினார் என்று அன்றைக்கு ஸ்டேஷனில் கேட்டார்கள். பால் வாங்கி வரச் சொன்னேன் என்றேன். அதையும் எழுதியிருக்கிறார்கள்.

என் பெண் நிவேதா ஒன்பதாவது படிக்கிறாள், இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அவள்தான் படித்துச் சொல்வாள். இதைப் படித்துவிட்டு, "அன்னிக்கு நம்மூட்ல பால் இருந்துச்சேம்மா" என்றாள்.

சோறு ஆறுது, தின்னு என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று மாதமாகப் பாலத்துப் பக்கம் போகவில்லை. மேம்பாலம் வழியாக நாலு கிலோமீட்டர் சுற்றித்தான் எங்கேயும் போகிறேன். இன்று போனேன். மனுவில் எழுதுவதற்கு இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர வேண்டும் என்று விசாலம் மேடம் சொல்லியிருந்தார்.

வெயில் காலத்தில் அது ஒன்றுமில்லாத இடம். இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் பள்ளம், மேலே ரயில். வண்டி போக ரோடு. ரோட்டோரம் சுவரை ஒட்டி, நடந்து போகிறவர்களுக்கு உயரமாக ஒரு பிளாட்பாரம். அந்தச் சுவரில் கறுப்பும் மஞ்சளுமாய்க் கட்டம் போட்டு 1, 2, 3, 4, 5 என்று எழுதியிருக்கிறார்கள். மழை நாளில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்ப்பதற்கு. பாலத்துக்கு முன்னால் ஒரு பலகை: "இரண்டு அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால் வாகனங்கள் செல்லக் கூடாது."

பையில் இஞ்ச் டேப் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்று அளந்தேன். 1 என்ற கோடு சரியாகப் பன்னிரண்டு இஞ்ச். 2 என்பது இருபத்து நாலு. ஒரு நூல் பிசகவில்லை. நன்றாக அளந்துதான் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்தான் பார்க்காமல் விட்டாரா? அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு ரயில் போனது. பிளாட்பாரம் உயரமாக இருந்ததால் கால் தரையைத் தொடவில்லை, தொங்கியது.

எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கல்யாணி டீச்சர் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். நீளம் கூடிப் போச்சாம். அளவு சரியாகத்தானே எடுத்தேன் என்று மறுபடி டேப்பை வைத்தேன். தோள்பட்டையில் வைக்க வேண்டியதைக் கழுத்தில் வைத்து அளந்திருக்கிறேன். டேப்பில் ஒரு தப்பும் இல்லை. வைத்த இடம் தப்பு.

மிஷினை விட்டு எழுந்து அப்படியே பாலத்துக்கு நடந்தேன். பிளாட்பாரத்தில் ஏறவில்லை. ரோட்டில் நின்று அளந்தேன். ரோட்டிலிருந்து பிளாட்பாரத்து விளிம்புக்கு இருபத்து மூன்று இஞ்ச். கிட்டத்தட்ட இரண்டு அடி.

எழுதினவன் பிளாட்பாரத்தில் நின்று எழுதியிருக்கிறான். வண்டி ரோட்டில் போகிறது. சுவரில் இரண்டு என்று காட்டினால் ரோட்டில் நாலு அடி.

மூன்று தடவை அளந்தேன். பைக்கில் வந்த ஒருவர் நின்று, "என்னுங்க்கா, ரோட்டுக்கு ஜாக்கெட் தெக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரோட்டு ஆபீஸுக்குப் போனேன். பாலத்தைக் கட்டினது ஒரு ஆபீஸ், அதற்குள் ரோடு போட்டது இன்னொரு ஆபீஸ். பேர் நீளமாக இருப்பதால் நான் ரோட்டு ஆபீஸ், பாலத்து ஆபீஸ் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். ஒரு தம்பி பொறுமையாகத்தான் கேட்டார். "ரோடு எங்களுதுங்க. சுவரு அவங்களுது."

"எழுத்துங்க?"

"எழுத்து சுவத்துலதானுங்களே இருக்குது."

ஆகஸ்ட் 22, வெள்ளி

பாலத்து ஆபீஸ். "சுவரு எங்களுதுதாம்மா. அதுல பெயிண்ட் அடிச்சது நாங்க இல்ல. ரோட்ட ஒப்படைச்சப்பறம் அவங்க அடிச்சிருப்பாங்க."

"தண்ணி எடுக்கற மோட்டாருங்க?"

"மோட்டாரு வெச்சுக் குடுத்துட்டோம். கரண்ட் கனெக்ஷன் அவங்க பேர்ல வாங்கோணும்."

"அவிய உங்க பேர்லங்கறாங்க."

"அது பேசிட்டிருக்கோம்."

"அப்ப தண்ணி யாருதுங்க?"

அவர் சிரித்தார். "தண்ணி மழையோடதும்மா."

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தபோதுதான் அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அங்கே தோன்றவில்லை. எப்போதும் இப்படித்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரோட்டு ஆபீஸில் இன்ஜினியரே இன்று பார்த்தார். சின்ன வயசுதான், நல்ல பையனாகத் தெரிந்தார். தாளில் படம் போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அப்புறம் முகத்தை மாற்றிக்கொண்டார்.

"அளவு சரியாத்தானேங்க இருக்குது. பிளாட்பாரத்துல ஒரு அடின்னா ஒரு அடிதான். அது நடந்து போறவங்களுக்காக எழுதினது."

"நடந்து போறவன் தண்ணி எத்தனைன்னு சுவத்தப் பாப்பானுங்களா, தன்ற முட்டியப் பாப்பானுங்களா?"

போன் எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை பதில் அங்கேயே வாயில் வந்தது. அவர்கிட்டே இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

குறைதீர்க்கும் நாள். விசாலம் மேடம் மனு எழுதிக் கொடுத்தார். பிளாட்பாரத்திலிருந்து எழுதிய அளவு, ரோட்டுக்கு இருபத்து மூன்று இஞ்ச் வித்தியாசம், ஆகையால் ஓட்டுநர் மேல் பிழை இல்லை, அறிக்கையைத் திருத்த வேண்டும். மனு நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிட்டது. ஏழு ஜாக்கெட், ஒரு சுடிதார்.

செப்டம்பர் 10, புதன்

மனு நிலவரம் கேட்டேன். நடவடிக்கையில் இருக்கிறதாம்.

செப்டம்பர் 18, வியாழன்

பாலத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று நிவேதா வந்து சொன்னாள். ஓடினேன். பழைய கட்டத்தின் மேல் முழுக்க வெள்ளை அடித்து, ரோட்டிலிருந்து புதுசாக அளந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பிளாட்பாரத்து விளிம்பில் இப்போது 2 வந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

பெயிண்டர் அண்ணனிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஆபீஸ்ல வாயில சொன்னாங்கம்மிணி. இன்னிக்கே முடிக்கோணும்னாங்க."

வரும்போது அரைக் கிலோ மல்லிகை மொட்டு வாங்கி அவர் படத்துக்குக் கட்டிப் போட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பதில் வந்தது. "மனுதாரர் குறிப்பிட்ட இடம் 22.09 அன்று நேரடியாக ஆய்வு செய்யப்பட்டது. நீர்மட்ட அளவுக் குறியீடுகள் சாலை மட்டத்திலிருந்து சரியாக எழுதப்பட்டுள்ளன. மனுவில் கூறியுள்ளதில் உண்மை இல்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது."

பதினெட்டாம் தேதி அழித்து எழுதிவிட்டு, இருபத்திரண்டாம் தேதி வந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பூவை எடுத்துக் குப்பையில் போட்டேன். காய்ந்துதான் போயிருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

விசாலம் மேடம் பதிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பழைய எழுத்த போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?"

இல்லை. என்னுடையது பட்டன் போன். அதைவிட, எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அளந்தேன், தாளில் குறித்தேன். துணிக்கு அப்படித்தானே செய்வோம். பேப்பரில் வந்த படத்தில் கிரேனும் வேனும் இருக்கிறது, சுவர் இல்லை. பெயிண்டர் அண்ணனைக் கேட்டால், பிழைப்பு போயிரும், என்னை விட்டுருங்கம்மிணி என்கிறார்.

"அன்னிக்கு, அந்த நேரத்துல, சுவத்துல எத்தனை காட்டுச்சுன்னு பாத்தவங்க யாராச்சும் வேணுங்க. தீயணைப்புக்காரங்க நாலு அடி இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. சுவரு ரெண்டத் தொடலைன்னு ஒருத்தர் சொன்னாக்கூட, ரெண்டும் ஒத்துப் போகலைன்னு கோர்ட்டு வரைக்கும் போலாம். யாராச்சும் இருக்காங்களா?"

இல்லீங்க என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜாக்கெட் நாலு. கொக்கி கட்டவில்லை.

அக்டோபர் 8, புதன்

இந்த நோட்டை விசாலம் மேடம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அன்றைக்குப் போனில் பால் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அவர் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டார். "பூங்கொடி, சப்வேல தண்ணி கெடக்குது. சுவத்துல ரெண்டத் தொடல, கொஞ்சம் கீழதான் இருக்குது. சுத்திப் போனா அரை மணி நேரமாயிரும். என்ன பண்றது?"

எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார். சட்டை எடுப்பதென்றாலும் கேட்பார்.

"ரெண்டத் தொடலீன்னா வாங்க மாமா. அந்தப் பிள்ளைய அவிய அம்மா தேடுவாங்க" என்றேன்.

சரி என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

கிழிக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

விசாலம் மேடத்திடம் சொல்வதற்கு முன்னால் துளசிமணி அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மனுவில் எழுதினால் எப்படியும் வீதிக்குத் தெரியும். நாலு பேர் சொல்லி அவர் கேட்கக் கூடாது.

மத்தியானம் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். பிளாட்பாரம், இருபத்து மூன்று இஞ்ச், வெள்ளை அடித்தது, போன், அவர் கேட்டது, நான் வரச் சொன்னது.

"அவரு தெரிஞ்சு எறக்கலீங்க்கா. என்னக் கேட்டாரு. நாந்தான் வரச் சொன்னேன். ஏசறதுன்னா என்ன ஏசுங்க."

அவர் கை நிற்கவில்லை. ஒரு கொத்து முடிந்து அடுத்த கொத்தை எடுத்தார். கடைசியில் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

பதினொரு ஜாக்கெட் பாக்கி. நூல் அறுந்து அறுந்து போகிறது. யாரோடும் பேசவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிட்டார்கள். பாலத்தில் தண்ணீர் நிற்கிறதாம். சுவரில் மூன்று காட்டுகிறதாம். எல்லா வண்டியும் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறது என்று நிவேதா சொன்னாள். மோட்டார் ஓடவில்லை. கனெக்ஷன் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு யாரும் சாகவில்லை. அது நான் கொடுத்த மனுவால்தான். அதே மனுவில் உண்மை இல்லை என்று எழுதி மூடியிருக்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்று மணிக்குத் துளசிமணி அக்கா வந்தார். குடை இல்லை. முந்தானை சொட்டியது. துண்டு கொடுத்தேன், வாங்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"நீ சொன்னத எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லீங்க்கா. உங்களுக்கு வேண்டாம்னா..."

"எனக்கும் போன் வந்துது."

மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

"வண்டி நின்னுட்டு இருக்கறப்பவே வெண்ணிலா கூப்பிட்டா. 'அண்ணன் அக்காகிட்ட கேட்டுட்டிருக்காரும்மா. ரெண்டுக்குக் கீழதான் இருக்குது, வந்தர்றோம்'னா. நான் அடுப்புல தோசை ஊத்திட்டிருந்தேன். கருகுது. 'சரி சரி, வெரசா வா'ன்னு சொல்லி வெச்சுட்டேன்."

முந்தானையை முறுக்கிப் பிழிந்தார்.

"போலீசு வந்து கேட்டாங்க. எனக்குப் போனே வரலைன்னுட்டேன். அவ போனு தண்ணில போயிருச்சு, யாரும் பாக்கல. இத்தன நாளா உன் மூஞ்சியப் பாக்காம இருந்தனே, உன்ற மேல கோவம்னுதான நெனச்சே?"

"ஆமாங்க்கா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துது. உன்ற புருசன் தெரிஞ்சு எறக்கினான்னு வெச்சுட்டா, நான் சொன்னது ஒண்ணுமில்லாமப் போயிருமல்ல."

டீ வைத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் அப்படியே குடித்தார். போகும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ரெண்டுங்கற எழுத்த எழுதினது யாருன்னாவது தெரியுமா?"

"பெயிண்டருங்க்கா."

"அவன வுடு. அளந்து குடுத்தவன்."

"அது எந்த ஆபீஸும் தன்றதுன்னு சொல்ல மாட்டீங்கறாங்க."

"நாந்தான் வரச் சொன்னேன்னு நீயும் சொல்லிட்டே, நானும் சொல்லிட்டேன். அவிய ஒருத்தரும் சொல்லக் காணோம்" என்றார். மழையிலேயே போனார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இரண்டு வீட்டிலும் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு பேரும் ஒட்டுக்கா பஸ்ஸில் போனோம். விசாலம் மேடம் இரண்டு வாக்குமூலத்தையும் தனித்தனியாக எழுதி, ஒரே மனுவாகச் சேர்த்துக் கட்டினார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார். "6.40க்கு என் கணவர், 6.42க்கு என் மகள்" என்று வந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். போலீஸில் முன்பு மாற்றிச் சொன்னதையும் எழுதியிருக்கிறது. அதற்கு எங்கள் மேல் கேஸ் வந்தாலும் வரலாம் என்றார். வரட்டும் என்றார் அக்கா.

வரிசை ரொம்ப நீளம். பன்னிரண்டரைக்குத்தான் பதிவு செய்கிற ஜன்னலுக்கு வந்தோம். கம்ப்யூட்டரில் இருந்தவர் மனுவைப் புரட்டினார்.

"ரெண்டு மனுதாரருங்களா? சொந்தமா?"

"இல்லீங்க."

"இதுல எறந்தது உங்க பொண்ணு. வண்டி ஓட்டினது இந்தம்மா வீட்டுக்காரரு." அக்காவைப் பார்த்தார். "நியாயமா நீங்க இவங்க மேலதானுங்க மனுக் குடுக்கோணும். கூட வந்து நிக்கறீங்க?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர்க்காரர் மறுபடி திரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு சேந்து குடுத்தா உறவுமுறை கேக்குதுங்க. கட்டத்தக் காலியா வுட்டா மனு ஏறாது. என்னன்னு போட?"

"ஒரே வண்டின்னு போடுங்க" என்றார் அக்கா.

"அப்படி ஒரு உறவு இதுல இல்லீங்களே."

"என்ன இருக்குது?"

"தாய், மகள், சகோதரி, மாமியார், மருமகள்..." திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். "மற்றவைன்னு ஒண்ணு இருக்குது. அதப் போட்டறட்டுங்களா?"

"அதுக்குப் பக்கத்துல எழுதறதுக்கு எடம் இருக்குதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"இருக்குது. யாரும் எழுத மாட்டாங்க."

"எழுதுங்க" என்றார் அக்கா. "நாங்க நிக்கறோம்."

எங்களுக்குப் பின்னால் ஒருவர், சீக்கிரம் ஆகட்டும் என்று சத்தம் போட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்க்காரர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். 'வண்டி'க்கு 'ண்' கிடைக்காமல் இரண்டு தடவை அழித்தார். அவர் முடித்து, திரையைத் திருப்பிக் காட்டும்வரை நின்றோம்.